வரட்டிச் சுவர்

"இந்தச் சாணிச் சுவருக்கா நஞ்சப்பா, மன்றத்துப் பணத்தைக் கொட்டச் சொல்ற?"

தலைவர் காளியப்பன் கேட்டதும் கம்பைநல்லூர் மனமகிழ் மன்றமே சிரித்தது.

செயலாளர் நஞ்சப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மொரப்பூர் ரோட்டோரத்துப் பழைய கல் சாவடியில் மூன்று சுவரைக் கல் வண்டிக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் ஒரே சுவர். அது முழுக்கப் பழைய எழுத்து வெட்டியிருக்கிறதாம். பார்க்கத்தான் வழியில்லை. மேலிருந்து கீழ்வரை, பக்கத்தில் குடியிருக்கும் சென்னம்மாள் தட்டிய வரட்டி.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து பாக்கறோம். எழுத்து தெரிஞ்சா பணம் சுவருக்கு. சாணி தெரிஞ்சா ஷட்டில் கோர்ட்டுக்கு" என்று முடித்துவிட்டார் தலைவர்.

நஞ்சப்பன் நேராகச் சென்னம்மாளிடம் போனான்.

"அக்கா, வரட்டிய எடுத்துடுங்க. பல நூறு வருசத்துச் சுவருங்க."

"எடுத்துட்டு?"

"சுத்தியும் கம்பி வேலி போடப் போறோம்."

"வேலி போடற அன்னிக்குச் சொல்லு, எடுத்துக்கறேன்."

"எடுத்தாத்தாங்க வேலிக்கே பணம் வரும்."

"வேலி வந்தாத்தான் எடுப்பேன்."

"ஊருல உங்களுக்கு வேற சுவரே இல்லீங்களா?"

"இல்ல" என்று அடுத்த உருண்டையை அப்பினாள்.

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான். போகப் போக வரட்டிதான் கூடியது.

ஞாயிறு காலையில் ஒரு குடம் தண்ணீரும் தேங்காய் நாருமாகப் போய் அவனே உரிக்க ஆரம்பித்தான். சென்னம்மாள் தடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அழுத்தித் தேய்க்காத" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

ஒன்பது மணிக்கு மன்றத்தார் வந்தார்கள். எழுத்து நேற்று வெட்டினாற்போல இருந்தது. காளியப்பன் விரலை வைத்து ஒரு வரி முழுக்கத் தடவிப் பார்த்தார்.

"ஷட்டில் எங்க வேணாலும் ஆடிக்கலாம்பா. நாளைக்கே வேலிக்குக் குழி வெட்டிடுங்க."

அப்போதுதான் சென்னம்மாள் எழுந்தாள்.

"வேலி நிச்சயந்தானுங்களே?"

"நிச்சயம்மா. இனி நீ இங்க வரட்டி தட்டக் கூடாது, ஆமா."

"தட்டணும்னு எனக்கென்னங்க வேண்டுதலா? வெறுங்கல்லா நின்ன சுவரையெல்லாம் வண்டியில ஏத்திட்டுப் போனானுங்க. இதுமேல சாணிய அப்புனேன். மண்சுவருன்னு தாண்டிப் போயிட்டானுங்க. பதினோரு வருசமா இப்படித்தான். வெளிய சொன்னா அவனுங்க காதுக்கும் போயிருமில்ல?"

சென்னம்மாள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. யாரோ அத்தனை மெனக்கெட்டு வெட்டியிருக்கானே."

நஞ்சப்பன் கையிலிருந்த நாரைக் கீழே போட்டான்.

"அப்ப அந்த மூணு சுவரையும் இப்படியே காப்பாத்தியிருக்கலாமேக்கா?"

சென்னம்மாள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட இருந்தது ஒத்தை எருமை, சாமி. ஒரு சுவருக்குத்தான் பத்துச்சு."