இரண்டு கைத்தடிகள்

"அப்பா! என்ன கூத்து இது?"

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் உள்ளே வந்த வேகத்தைப் பார்த்து பிசியோதெரபிஸ்ட்டே ஒதுங்கி நின்றுவிட்டார்.

அப்பா பயிற்சிப் படிக்கட்டின் மேல் படியில் நின்றார். கையில் தடி இல்லை. ஏறி, இறங்கி, ஒரு சுற்று விறுவிறுவென நடந்தும் காட்டியாகிவிட்டது. அத்தனையையும் மகள் வெளியே நின்று பார்த்துத் தொலைத்துவிட்டாள்.

"வீட்டுல கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு வர என் தோள் வேணும். பேப்பர் கீழே விழுந்தா எடுக்க நான் வேணும். இங்க வந்தா மான் மாதிரி துள்ளுறீங்க! ஆபீசுக்கு லீவு போட்டுட்டு உங்க பின்னாடி அலையறேனே, நான் என்ன லூசா?"

"மெல்லப் பேசு. பக்கத்து ரூம்ல உங்கம்மா இருக்கா."

"இருக்கட்டும்! அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்!"

அப்பா தடதடவென்று இறங்கி வந்து அவள் வாயைப் பொத்தினார். நல்லவேளை, பக்கத்து அறையில் யாரோ உடற்பயிற்சி சைக்கிளைக் கடகடவென்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே வாரத்தில்தான் முட்டி ஆபரேஷன். இரண்டு பேருமே டாக்டரின் ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள். தொடைத் தசையை வெட்டி மூட்டை மாற்றுவது பழைய முறை. வெட்டாமல் ஒதுக்கிவிட்டு மாற்றுவது புது முறை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்தது. நடையைச் சோதிப்பவருக்குக்கூட அது தெரியக்கூடாதாம். அதனால் தழும்பு தெரியாதபடி முட்டியில் துணியைச் சுற்றித்தான் சோதனைக்கு அனுப்புவார்கள்.

"எனக்குப் புது முறைதான்னு அப்பவே புரிஞ்சு போச்சு," என்று அப்பா கிசுகிசுத்தார். "வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே ஹாலுக்கும் வாசலுக்கும் ஜம்முனு நடந்தேன். உங்கம்மா கட்டில்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. 'உங்களுக்கு எல்லாத்துலயும் அதிர்ஷ்டம், என் கால் அவ்வளவுதான்'னு சொல்லிட்டு பயிற்சியை அடியோட விட்டுட்டா."

மகளின் கோபம் கொஞ்சம் தடுமாறியது.

"மறுநாளே நான் தடியைத் தூக்கினேன். 'ஐயோ, வலி திரும்பிடுச்சே'ன்னு உட்கார்ந்தேன். உடனே எழுந்து வந்தாளே உங்கம்மா! 'காலை இப்படியா மடக்குவாங்க? என்னைப் பாருங்க'ன்னு எனக்கு வாத்தியார் ஆயிட்டா. எனக்குச் சொல்லிக்கொடுக்கிற சாக்குல அவளும் செய்யறா. இப்ப நான் ஓடிக் காட்டினா மறுபடி படுத்துடுவா. அதான் நொண்டறேன். போதுமா?"

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லப்பா?"

"உன் வாயில எது தங்கியிருக்கு இதுவரைக்கும்?"

டாக்டர் அறைக்குள் நுழைந்தபோது அப்பா பழையபடி தடியை ஊன்றி, முகத்தைச் சுளித்து, அற்புதமாக நொண்டினார். அம்மா ஏற்கெனவே தன் தடியோடு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு எப்படிம்மா போச்சு?" என்றார் அப்பா.

"ஏதோ சுமாரா நடந்தேன். உங்களுக்கு?"

"எனக்கும் சுமார்தான்."

டாக்டர் ஏனோ இருமினார். பிறகு சொன்னார். "இன்னியோட ஆராய்ச்சி முடிஞ்சுது, இனிமே சொல்லலாம். ஐயாவுக்குப் புது முறை, அம்மாவுக்குப் பழைய முறை. ஆரம்பத்துல புது முறைக்காரங்க சீக்கிரம் எழுந்து நடந்தாங்க. ஆனா இப்போ ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்ல. பழைய முறைக்காரங்களும் வந்து எட்டிப் பிடிச்சுட்டாங்க."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

"எல்லாராலயும் பிடிச்சுட முடியுமா டாக்டர்?" என்றார் அப்பா அவசரமாக. "பாவம், யாராவது கொஞ்சம் பின்தங்கத்தான் செய்வாங்க. அதுல தப்பில்ல."

"ஆமா, தப்பே இல்ல," என்றாள் அம்மா, அதைவிட அவசரமாக.

மருந்துக் கடையில் கூட்டம். "நான் மெதுவா முன்னாடி போய் பஸ் ஸ்டாப் பெஞ்சுல உட்காரறேன். நீங்க பதறாம வாங்க," என்று சொல்லிவிட்டு அம்மா தடியைத் தட்டித் தட்டிப் போனாள்.

மாத்திரைகளை வாங்கிக்கொண்டு அப்பாவும் மகளும் வெளியே வந்தபோது வானம் கறுத்திருந்தது. எதிரே இவர்கள் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ!

"வண்டி! வண்டி! நிறுத்துப்பா!"

தடியை மகள் கையில் திணித்துவிட்டு அப்பா ஓடியே போய்விட்டார்.

"அப்பா! அம்மா பார்த்துடுவாங்க!"

அவர் காதில் விழுந்தால்தானே? இத்தனை மாதப் பாடும் பாழ்! அம்மா மறுபடி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாளே என்று மகள் பெஞ்சைப் பார்த்தாள்.

பெஞ்சில் அம்மா இல்லை. அம்மாவின் தடி மட்டும் சாய்ந்து நின்றது. மகள் அதையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பஸ் படிக்கட்டில் ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை அப்பாவை நோக்கி நீண்டிருந்தது.

"சீக்கிரம் வாங்க! எவ்வளவு நேரம்தான் டிரைவர்கிட்ட கெஞ்சறது?"

அம்மா!

அப்பா அந்தக் கையைப் பிடித்து ஒரே தாவில் ஏறினார். ஏறிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ... நீ எப்படி?"

"எப்படின்னா? அன்னிக்கு வயிறெரிஞ்சு உங்களைப் பார்த்தேன், மறுநாளே உங்க கால் போச்சு. என் கண்ணுதான் பட்டுடுச்சுன்னு, எனக்குச் சரியானதைக்கூடச் சொல்லாம உங்களோட சேர்ந்து நொண்டிக்கிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா..."

அதற்கு மேல் அம்மாவால் பேச முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கும்தான்.

சிரித்த சிரிப்பில் மகள் ஏறவில்லை என்பதை இருவருமே கவனிக்கவில்லை. பஸ் கிளம்பிப் போய்விட, இரண்டு கைத்தடிகளோடு நடுரோட்டில் நின்றாள் அவள்.