எறிந்த காசு

"பாவம்க்கா அந்த பார்னபி! காதலுக்கு அடையாளமா வளைச்ச ஆறு பென்னி வெள்ளிக்காசைக் கொண்டுவந்து கொடுக்கிறான். வச்சுக்கிட்டா கல்யாணத்துக்குச் சம்மதம், எறிஞ்சா இல்லைன்னு ஊருக்கே தெரியும். அஞ்சு ஞாயித்துக்கிழமையா எறியிறியே, ஈவு இரக்கம் இல்ல?" என்று ஹெஸ்டர் பொரிந்து தள்ளினாள்.

"அஞ்சும் ஒரே காசுதாண்டி. தேடி எடுத்துக்கிட்டு மறுபடியும் வந்து நிக்கிறான்" என்றாள் டாபிதா, ஜன்னலை விட்டு நகராமல்.

வெளியே டர்னிப் கிழங்கு வயலில் பார்னபி முட்டி போட்டுத் தேடிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்குப் பொழுது சாய்ஞ்சும் கிடைக்கலையே! நானாவது போய்த் தேடிக் கொடுக்கிறேன்" என்று ஹெஸ்டர் கிளம்பினாள்.

"எங்க போய்த் தேடுவ?"

டாபிதா உள்ளங்கையை விரித்தாள். வளைந்த காசு மினுங்கியது.

"இன்னிக்கு எறிஞ்சது கூழாங்கல்லு. இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும்டி. கல்யாணம் ஆனப்புறம் எவன் இப்படி முட்டி போடுவான்?"