தண்ணீர் ஊசி

மருத்துவமனை மேசை மேல் ஒரு பயிற்சி ஊசி இருந்தது. வீட்டில் தாங்களே ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் பழகிப் பார்ப்பதற்காக அதில் தண்ணீர் நிரப்புவார்கள். பக்கத்துப் பெட்டியில் இருந்த மருந்து ஊசிகள் ஒவ்வொன்றாக யார் யார் வீட்டுக்கோ போயின. ஒரு வீட்டையாவது பார்த்துவிட வேண்டும் என்று பயிற்சி ஊசிக்கும் ஏக்கம்.

முடக்குவாதத்தில் விரல் வீங்கிய எஸ்தர் அன்று வெகுநேரம் அதைப் பஞ்சில் குத்திப் பழகினாள். கடைசியில், "இதையே குடுத்துடுங்க சிஸ்டர். எனக்கும் இதுக்கும் ஒத்துப்போயிடுச்சு" என்றாள்.

ஊசிக்குள் மிச்சமிருந்த தண்ணீர் துள்ளியது.

"நல்லா கேட்டீங்க போங்க! அதுல இருக்கறது வெறும் தண்ணிதான் அக்கா." சிஸ்டர் சிரித்தபடி பெட்டியிலிருந்து புது ஊசி ஒன்றை எடுத்தாள்.

"ரொம்பத்தான் ஆசைப்பட்டுட்டியோ?" என்றது புது ஊசி.

"அது கிடக்கட்டும். பாதியில அவளுக்குக் கட்டைவிரல் வலிக்கும், நிறுத்திடுவா. நீ பதறாதே. ஒரு மூச்சு விட்டுட்டு மறுபடியும் அழுத்துவா."

"சரி. அவ வீடு எப்படின்னு வந்து சொல்லட்டுமா?"

போன ஊசி எதுவும் திரும்பி வந்ததில்லை. புதுசுக்கு அது தெரியாது.

"கட்டாயம் வந்து சொல்லு" என்றது தண்ணீர் ஊசி.