மறு சோதனை

"இந்த வண்டி பாஸ் ஆகாது சார். அளவைவிடப் புகை அதிகம்."

புகைப் பரிசோதனை நிலையத்தின் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அந்தப் பெண் அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினாள். வெளியே நின்ற பெரியவர் திரையைப் பார்க்கவே இல்லை. இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக அதே பழைய காரோடு வந்திருக்கிறார். பதிலும் அதேதான்.

"ரொம்ப அதிகமாம்மா?"

"கொஞ்சம்தான். ஆனா அடுத்த வாரம் புது விதி வருது. அளவு பாதியாக் குறையும். அப்புறம் இது தேறவே தேறாது, பதிவையே ரத்து பண்ணிடுவோம். பழைய அளவுக்கு இன்னைக்குதான் கடைசி நாள், சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டு வாங்க. பாஸ் ஆனா ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல."

"அதென்ன விதி? ஓட்டறவன் நான், பெட்ரோல் போடறவன் நான். எந்த வண்டி வேணும்னு நான்தானே முடிவு பண்ணணும்?"

பின்னால் நின்ற டாக்ஸிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பெரியவர் வாய் திறந்தால் லேசில் மூடாது என்று அந்த வரிசைக்கே தெரியும்.

"வண்டி உங்களோடது. காத்து எல்லாரோடதும். எதிர்ல ஸ்கூல் இருக்கு. அந்தப் பசங்க வேற எந்தக் காத்தைத் தேடிப் போவாங்க?"

"பஸ்ஸைப் பிடிங்க, லாரியைப் பிடிங்க. கிடைச்ச இளிச்சவாயன் நான்தானா?" என்றவரின் கண், மேசை மேல் திறக்காமல் கிடந்த டிபன் பாக்ஸில் விழுந்தது. "மணி மூணாச்சு. இன்னும் சாப்பிடலையாம்மா?"

"வண்டியைப் பத்திப் பேசுங்க சார்."

"சரி, வண்டியைப் பத்தியே பேசறேன். இதை ஓட்டாதே, அதை வாங்குன்னு இன்னொருத்தர் சொல்றது எந்த ஊர் நியாயம்? மனுஷனுக்குத் தனக்குப் பிடிச்சதைத் தேர்ந்தெடுக்கற உரிமை வேண்டாமா?"

விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன. அன்று முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அந்த உரிமையைப் பத்தி நீங்களா சார் பேசறீங்க?"

பெரியவருக்கு இருமல் வந்தது.

"புகையில நிக்காதீங்க. தள்ளிப் போங்க," என்றாள் குரலைத் தாழ்த்தி. பிறகு வழக்கமான குரலில், "அடுத்தவங்க வாங்க."

வாசலில் காத்திருந்த மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. "அரை மணி நேர வேலை சார். ஃபில்டரை மாத்தி டியூன் பண்ணிட்டா ஜம்முனு பாஸ் ஆயிடும். ஒவ்வொரு தடவையும் வேண்டாம் வேண்டாம்னு தட்டிக் கழிக்கறீங்க. கண்ணுல வச்சுக் காப்பாத்தின வண்டி. இன்னைக்கு விட்டா பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்."

பெரியவர் காரின் முன்பக்கத்தை மெல்லத் தடவிக் கொடுத்தார். அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது. அதை இழக்க அவருக்கும் மனசில்லை.

"வேண்டாம்ப்பா. அடுத்த வாரம் வந்துக்கலாம்."

"அடுத்த வாரம் வந்தா வண்டியே போயிடும் சார்."

"போனாப் போகட்டும், வேற ஓட்டை வண்டி ஒண்ணு வாங்கிக்கறேன். இன்னைக்கு பாஸ் ஆயிட்டா ஒரு வருஷத்துக்கு எனக்கு இங்க வர வேலையே இருக்காது," என்றார் பெரியவர். "விரும்பினவனைக் கட்டிக்கிட்டான்னு வீட்டுக் கதவை அடைச்சேன் பாரு, அன்னையிலேர்ந்து என் பொண்ணு என்கிட்ட நாலு வார்த்தை பேசறது இந்த ஜன்னல்லதான்."