ஈரல் கொடுப்பவனுக்கு விருந்து

அக்கா மங்கையர்க்கரசிக்குத் தன் ஈரலில் பாதியைக் கொடுக்க ஒப்புக்கொண்டதிலிருந்து குணாளனுக்குத்தான் வீட்டில் முதல் இலை. அக்கா புருஷன் தணிகாசலம் தானே அடுப்படியில் நின்று ஆட்டுக்கறியைக் கொழுப்போடு வதக்கினார். சோற்றில் குழி பறித்து நெய் ஊற்றினார்.

“அறுக்கப் போற உடம்பு மாப்ள, தெம்பு வேணாமா? தின்னு.”

குணாளன் தின்றான். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் கொழுப்புதான் சுவர் என்றும், அதுவே ஈரலில் தேங்கிவிட்டால் அந்த ஈரல் அடுத்தவருக்கு உதவாது என்றும், நெய்யையும் கறியையும் தொடவே கூடாது என்றும் டாக்டர் அவனைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அன்று வெளியே வரும்போது, ஈரல் கொடுத்த ஒருவனின் வயிற்றில் குறுக்கே ஓடிய தையலைப் பார்த்தான். வீட்டில் எதையும் சொல்லவில்லை.

இன்று ஸ்கேனில் ஈரல் வெளுத்துக் கிடந்தது. மாதக்கணக்கில் இளைத்துவிட்டு வா என்றார் டாக்டர். மங்கையர்க்கரசிக்கு அவ்வளவு காலம் இல்லை. கொழுப்பு படிந்துவிட்டதாம் என்பதை மட்டும் அவன் வெளியே வந்து சொன்னான்.

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். “ஊட்டி ஊட்டி நானே அவளக் கொன்னுட்டேனே மாப்ள!”

குணாளன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அழாதீங்க மாமா. நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?”