அப்பா பெயரிட்ட உண்ணி

மான் காதில் ஒட்டியிருந்த உண்ணியை, மாட்டு உண்ணியிலிருந்து வேறான தனி இனம் என்று முதலில் சொன்னவர் பேராசிரியர் ஞானசிகாமணி. அதற்கு அவர் வைத்த பெயர் பாடப்புத்தகங்களிலும் ஏறிவிட்டது. இப்போது அவர் மகள் எஸ்தர் இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. தனி இனமே இல்ல.”

“திரும்ப ஒருதடவ பாத்தியா?”

“வேற காட்டு மான்ல இருந்தும் எடுத்துப் பாத்துட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். பிறகு, அந்த இனத்தைக் கடைசிவரை ஏற்காத பழைய நண்பரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“வரதா, நீ சொன்னதுதான் சரி. ஆனா உன்னால நிரூபிக்க முடியல. என் பொண்ணு நிரூபிச்சிட்டா.”