ஏழாம் நம்பரின் சடை

இன்னும் இறுக்க வேண்டும்.

அவள் முடியை மூன்று காலாகப் பிரித்து இழுத்தாள். கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த மெர்சிலினின் தலை பின்னால் வந்தது. வலித்திருக்கும்.

ஆட்ட நாளில் இந்தக் கல்லூரியின் கால்பந்து அணிப் பெண்கள் யாரும் தன் சடையைத் தானே போட்டுக்கொள்வதில்லை. கேலரியின் அடிப்படிகளில் மேலும் கீழுமாக உட்கார்ந்து, வெளியே இருக்கப் போகிறவள் உள்ளே இறங்கப் போகிறவளுக்குப் போட்டுவிட வேண்டும். அதிலும், தன் இடம் யாரிடம் போனதோ அவளுக்கே போட வேண்டும்.

என்றோ ஒரு கேப்டன் வைத்த சட்டம். மகராசி, அவள் இடம் யாரிடமும் போயிருக்காது.

வயிற்றெரிச்சலோடு போட்ட சடை பாதி ஆட்டத்தில் அவிழும் என்று ஒரு பேச்சு வேறு. எல்லாக் கண்ணும் அவள் விரல் மேல்தான் இருந்தது.

இருக்கட்டும். பார்க்கட்டும்.

போன மாதம் வரை ஏழாம் நம்பர் சட்டை அவளுடையது. இப்போது முதலாமாண்டுக்காரி மெர்சிலினின் முதுகில் இருக்கிறது. அவளுக்கு இது கடைசி வருடம், கடைசி ஆட்டம்.

எதிர்க் கேலரியில் அப்பா.

இன்று கடலுக்குப் போகவில்லை. வள்ளத்துக் கூட்டாளிகள் இருவரையும் கூட்டி வந்துவிட்டார். எம்மவ ஆட்டத்தைப் பாருங்கலே என்று வழியெல்லாம் பீற்றியிருப்பார். இடம் போன கதையை வீட்டில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவர் கையை ஆட்டினார். அவள் பார்க்காதது போல் குனிந்துகொண்டாள்.

ஹாஸ்டல் பையன்களின் கொட்டு ஆரம்பித்துவிட்டது. கோல்கீப்பர் கம்பத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். சடை பின்னுகிறவளின் கால்கள் சும்மா இருக்கவில்லை. பூட்ஸின் அடி சிமெண்டுப் படியில் தட்டிக்கொண்டே இருந்தது.

வலது காதுக்குப் பின்னால் விரல் நின்றது.

வீக்கம். நெல்லிக்காய் அளவுக்கு.

தொட்டதும் மெர்சிலின் பல்லைக் கடித்து மூச்சை இழுத்தாள்.

நேற்று, பயிற்சி முடிந்து கோச் மிஸ் போன பிறகு, சும்மா ஒரு கார்னர் அடித்துப் பார்த்தார்கள். பந்துக்கு எழும்பிய மெர்சிலின் கோல்கீப்பரின் முட்டியில் மோதி விழுந்தாள். சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள். இன்று காலை வாந்தி எடுத்தாள். புட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். எல்லாரும் நம்பினார்கள்.

தலையில் அடிபட்டு வாந்தியும் வந்தால் ஆட்டம் கிடையாது, ஆஸ்பத்திரிதான். மிஸ் இதைச் சொல்லாத நாள் இல்லை.

"எக்கா." மெர்சிலின் திரும்பவில்லை. "மிஸ்கிட்ட சொல்லாண்டாம்க்கா. ஒண்ணுமில்ல. லேசா கண்ணு கூசுது, அவ்வளவுதான்."

சந்தோஷம்தான் முதலில் வந்தது.

ஏன் மறைக்க வேண்டும்? வந்தது. ஏழாம் நம்பர் தன் முதுகுக்குத் திரும்பியதையும், அப்பா விசிலடிப்பதையும் ஒரு நொடியில் பார்த்துவிட்டாள். அடுத்த நொடி, தன் முகத்தில் தானே காறித் துப்பலாம் போலிருந்தது.

சே.

விரல்கள் பின்னிக்கொண்டேயிருந்தன.

சொன்னால்? மெர்சிலினுக்குப் பதில் இறங்கப் போவது அவள்தான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம் என்பார்கள். வெறும் வாயை மெல்லும் ஹாஸ்டலுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும். அது போனால் போகிறது. மெர்சிலின், "பொறாமையில சொல்லுதாவ மிஸ்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. மிஸ்ஸே அதைத்தான் நம்புவார். தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இறக்கிவிடுவார்.

சொல்லாவிட்டால்? முதல் கார்னருக்கே இந்தத் தலைதான் எழும்பும்.

கொட்டுச் சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. இந்தப் பாழாய்ப்போன வீக்கம் வேறு யார் விரலிலாவது தட்டுப்பட்டிருக்கக் கூடாதா?

ரிப்பனைச் சுற்றினாள். இரட்டை முடிச்சு போட்டாள்.

விசில் ஊதிற்று. மிஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்து அழைத்தார். இறங்குகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

மெர்சிலினின் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

குனிந்தாள். தன் பூட்ஸின் லேஸை அவிழ்த்தாள். ஒரு கால். மறு கால்.

ஏழாம் நம்பரின் இடமான வலது பக்கம் ஆட, இவர்கள் இருவரையும் விட்டால் அபிஷா ஒருத்திதான். படியின் கோடியில், வெறுமனே வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பூட்ஸ் முன்பக்கம் வாய் பிளந்து கிடந்தது. யாருமே அவளை இறங்கச் சொன்னதில்லை, அதனால் அவளும் தைக்கவில்லை.

அபிஷாவின் மடியில் தன் பூட்ஸை வைத்தாள்.

"எனக்கெதுக்குட்டீ?"

"போடு. இன்னைக்கு நீதான் எறங்குற."

அபிஷாவுக்கு விளங்கவில்லை. மெர்சிலினுக்கு விளங்கிவிட்டது. வெறுங்காலைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மிஸ்ஸை நோக்கி நடந்தாள்.

தரை வெயிலில் கொதித்தது. ஆட்ட நாளில் இடது காலை வைத்துத்தான் கோட்டைத் தாண்ட வேண்டும். அதுவும் ஒரு சட்டம்தான், இறங்கி ஆடுகிறவர்களுக்கு.

அவளுடைய இடது கால் தானாக முன்னே போயிற்று.

எதிர்க் கேலரியில் அப்பா துள்ளி எழுந்தார். கூட்டாளிகளையும் இழுத்து எழுப்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றத் தொடங்கினார்.

அவ்வளவு தூரத்துக்கு வெறுங்கால் தெரியாது.